கேம்ப்கிரவுண்ட் வைஃபையை ஆர்விக்குள் கொண்டுவருவது: எக்ஸ்டெண்டர் வாங்குவோருக்கு ஒரு முழு வழிகாட்டி

எங்கள் ஆர்விக்கு, அதாவது படுக்கை, அடுப்போடு வீடுபோல் இருக்கும் டிரெய்லருக்கு, நான் வாங்கிய முதல் வைஃபை எக்ஸ்டெண்டர், வீட்டுச் சுவரில் செருகுகிற சாதாரண ரகம். டெக்சாஸில் இப்படிப்பட்ட வண்டிகள் தங்கும் ஒரு கேம்ப்கிரவுண்டில் போய் நின்றதும் அடுப்புக்குப் பக்கத்துப் பிளக்கில் அதைச் செருகினேன். ஃபோனில் சிக்னல் கோடுகள் அத்தனையும் நிரம்பின. ஆனால் மகள் பார்த்துக்கொண்டிருந்த கார்ட்டூன் முன்பு எப்படிச் சுற்றிக்கொண்டு நின்றதோ அப்படியேதான் நின்றது. அன்று இரவு ஆபீஸ் மீட்டிங்கைத் துணி துவைக்கும் அறையில், டிரையர் சத்தத்துக்கு நடுவே முடித்தேன்.

காரணம் புரிய எனக்கு ஒரு வாரம் ஆனது. ஃபோன் காட்டிய கோடுகள், ஃபோனுக்கும் எக்ஸ்டெண்டருக்கும் நடுவே உள்ள 3 அடியைப் பற்றியவை. எக்ஸ்டெண்டருக்கும் கேம்ப்கிரவுண்டின் கம்பத்தில் இருக்கும் வைஃபை கருவிக்கும் நடுவே உள்ள 300 அடியைப் பற்றி அவை எதுவும் சொல்வதில்லை. கோளாறு முழுக்க அந்த 300 அடியில் இருந்தது. ஆர்வி எக்ஸ்டெண்டர் வாங்குவது என்றால் அந்த 300 அடிக்குக் காசு செலவழிப்பது. உள்ளே இருக்கும் 3 அடிக்கு எதுவும் தேவையில்லை.

அமெரிக்காவில் ஆர்வி வைத்திருப்பவர்களையும் வாடகைக்கு எடுத்துச் சுற்றுபவர்களையும் மனத்தில் வைத்து எழுதுகிறேன். மின்சாரக் கணக்கும் விதிகளும் அந்த ஊருக்கானவை.

முதலில் பெயர்க் குழப்பம்

கடையில் எக்ஸ்டெண்டர், ரிப்பீட்டர், பூஸ்டர் என்று மூன்று பெயர் இருக்கும். முதல் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான்: ஏற்கெனவே இருக்கும் வைஃபையை வாங்கி மறுபடி ஒலிபரப்புபவை. பூஸ்டர் என்ற சொல்லில்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். வீபூஸ்ட் மாதிரி நிறுவனங்கள் ஆர்விக்கென்று விற்பவை செல்ஃபோன் கோபுரத்தின் சிக்னலைப் பெருக்கும் கருவிகள். வைஃபைக்கும் அவற்றுக்கும் சம்பந்தமே இல்லை. உங்கள் ஃபோன் ஹாட்ஸ்பாட்டைத்தான் நம்பியிருக்கிறீர்கள் என்றால் அது சரியான பொருள். கேம்ப்கிரவுண்ட் வைஃபைக்காக அதை வாங்கினால் வீண்.

படி 1: வாங்குவதற்கு முன் நடந்து பாருங்கள்

சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். எக்ஸ்டெண்டர் வெறும் அகப்பை. கேம்ப்கிரவுண்ட் தன் ஆபீசுக்கு வாங்கி வைத்திருக்கும் இணைய இணைப்பே மெலிந்தது என்றால், எத்தனை நூறு டாலர் கொடுத்து எதை வாங்கினாலும் வேகம் கூடாது. ஒரே இணைப்பை எண்பது, தொண்ணூறு வண்டிகள் பங்குபோட்டால் மழை பெய்யும் சனிக்கிழமை மாலையில் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

அதனால் இரவு 8 மணி வாக்கில், எல்லோரும் படம் பார்க்க உட்காரும் நேரத்தில், ஃபோனை எடுத்துக்கொண்டு ஆபீஸ் கட்டடத்துக்கு அருகே போய் ஒரு வேகச் சோதனை செய்யுங்கள். பிறகு உங்கள் வண்டிக்கு வெளியே மேசையருகில் ஒன்று. கடைசியாகக் கதவை மூடிக்கொண்டு உள்ளே ஒன்று. காலை 6 மணிக்கு எடுத்தால் எல்லா இடத்திலும் நன்றாகத்தான் இருக்கும், அதை நம்ப வேண்டாம்.

ஆபீஸ் வாசலிலேயே 1 எம்பிபிஎஸ் (நொடிக்கு 1 மெகாபிட்) என்று வந்தால் கதை முடிந்தது. வேறு வழி பாருங்கள். ஆபீசில் 25 வந்து, உங்கள் மேசையருகில் 2 வந்தால், எக்ஸ்டெண்டர் உங்களுக்கானதுதான். மேசையருகில் நன்றாக இருந்து உள்ளே போனதும் செத்துப்போனால் தடை உங்கள் வண்டியின் உடம்பு. ஏர்ஸ்ட்ரீம் மாதிரி முழு அலுமினிய உடம்பு உள்ளவற்றில் இது அப்பட்டமாகத் தெரியும். ஃபைபர்கிளாஸ் வண்டிகளிலும் அலுமினியச் சட்டமும், சிலவற்றில் படலம் ஒட்டிய இன்சுலேஷனும் உண்டு. இந்த மூன்றாவது நிலைக்குத்தான் மிகக் குறைந்த செலவு: சன்னலோரம் ஒரு சின்னப் பயண ரவுட்டர் போதும்.

எவ்வளவு வேகம் போதும் என்றால், முழு எச்டி படத்துக்கு நெட்ஃப்ளிக்ஸ் கேட்பது 5 எம்பிபிஎஸ். இருவர் பேசும் ஜூம் அழைப்புக்கு அதைவிடக் குறைவே போதும். ஆனால் மேலே ஏற்றும் வேகமும் அதே அளவு வேண்டும். சோதனையில் அந்த இரண்டாவது எண்ணைப் பார்க்க மறக்காதீர்கள்.

கோடுகளை நம்பாமல் எண்ணைப் பாருங்கள். ஆண்ட்ராய்டில் வைஃபை அனலைசர் வகைச் செயலிகள் சிக்னலின் வலிமையை டிபிஎம் என்ற அலகில் எண்ணாகக் காட்டும். ஐஃபோனில் ஆப்பிளின் ஏர்போர்ட் யுட்டிலிட்டி செயலியைப் போட்டு, அமைப்புகளில் வைஃபை ஸ்கேனரை இயக்கினால் காட்டும். எண் மைனஸில் இருக்கும். பூச்சியத்துக்கு நெருங்க நெருங்க நல்லது. மைனஸ் 50 என்றால் கம்பத்தடியில் நிற்கிறீர்கள். மைனஸ் 67 வரை வீடியோ அழைப்புக்குக் கவலையில்லை. மைனஸ் 75இல் மின்னஞ்சல் பார்க்கலாம். மைனஸ் 80ஐத் தாண்டினால் இணைப்பு இருக்கும், ஆனால் ஒன்றும் நகராது. நல்ல ஆன்டெனாவால் உங்களை மைனஸ் 80இலிருந்து மைனஸ் 70க்குக் கொண்டுவர முடியும். மைனஸ் 90இல் கிடப்பவரைக் காப்பாற்ற முடியாது.

படி 2: எந்த வகைக் கருவி

வீட்டு எக்ஸ்டெண்டர் ஏன் ஆர்விக்கு ஒத்துவருவதில்லை என்பதற்கு மூன்று காரணம். அது வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து, சுவர் வடிகட்டிய சிக்னலைத்தான் கேட்கிறது. அதற்கு 120 வோல்ட் வேண்டும். மூன்றாவதுதான் ஆளை வெறுப்பேற்றுவது: கேம்ப்கிரவுண்ட் வைஃபையில் இணைந்ததும் இட எண்ணையும் பெயரையும் கேட்கிற லாகின் பக்கம் வருமல்லவா, அதைத் தாண்ட இதற்குத் தெரியாது. ஒவ்வொரு ஃபோனும் மடிக்கணினியும் டிவியும் தனித்தனியாக லாகின் செய்ய வேண்டும். டிவியில் பிரவுசரே இருக்காது. சில இடங்களில் ஓர் இடத்துக்கு இரண்டு கருவிதான் என்று வரம்பும் வைத்திருப்பார்கள்.

நீங்கள் தேட வேண்டியது, வெளியே இருக்கும் வைஃபையைத் தன் இணைய மூலமாக எடுத்துக்கொண்டு, உள்ளே உங்களுக்கென்று தனி வைஃபை ஒன்றை உருவாக்கும் ரவுட்டர். கேம்ப்கிரவுண்டின் கண்ணுக்கு உங்கள் வண்டி முழுவதும் ஒரே கருவி. ஒருமுறை லாகின் செய்தால் எல்லாவற்றுக்கும் சேர்த்து. ஊர் மாறினாலும் டிவியும் ஃபோன்களும் உங்கள் பழைய வைஃபை பெயரிலேயே ஒட்டிக்கொள்ளும். பாஸ்வேர்டு மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம். இந்த வசதிக்கு ஆளாளுக்கு ஒரு பெயர்: பெப்லிங்க் நிறுவனத்தின் பெப்வேவ் ரவுட்டர்களில் 'வைஃபை ஆஸ் வான்', ஜிஎல்.ஐநெட்டில் 'ரிப்பீட்டர்', வேறு பலவற்றில் 'விஸ்ப்'. பெட்டியில் இந்த மூன்றில் ஒன்று இருக்கிறதா, லாகின் பக்கத்தைத் தாண்டும் என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் அடுத்த பெட்டிக்குப் போங்கள்.

அடுத்து ரேடியோ. ஒரே ரேடியோ உள்ள கருவி கம்பத்திலிருந்து கேட்டதையே திரும்ப உங்களுக்குச் சொல்ல வேண்டியிருப்பதால் வேகம் கிட்டத்தட்ட பாதியாகும். இரண்டு அலைவரிசையிலும் ஒரே நேரத்தில் இயங்கும் கருவியாக வாங்குங்கள். வெளியே 2.4 ஜிகாஹெர்ட்ஸ்: மெதுவானது, ஆனால் தூரம் போகும், மரம் இலையைக் கொஞ்சம் தாங்கும். உள்ளே 5 ஜிகாஹெர்ட்ஸ்: வேகமானது, தூரம் போகாது. 30 அடி வண்டிக்குள் அது போதாதா என்ன? இப்படிப் பிரித்துவிட்டால் பாதியாகும் தொல்லை இல்லை. 2.4இல் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் அமெரிக்காவில் 1, 6, 11 என்று மூன்றே மூன்று. கேம்ப்கிரவுண்டில் அந்த மூன்றிலும் பக்கத்து வண்டிக்காரர்கள் எல்லோரும் குவிந்திருப்பார்கள். உங்கள் உள் வைஃபையையாவது அந்தக் கூட்டத்திலிருந்து விலக்கி வைப்பது நல்லது.

வைஃபை 6, வைஃபை 7 என்ற எண்களுக்காக அதிகம் கொடுக்க வேண்டாம். கம்பத்தில் இருக்கும் கருவி பழையது என்றால் உங்கள் புதியது அதனோடு பழைய மொழியில்தான் பேசும்.

படி 3: ஆன்டெனா, இதில்தான் காசு

சிக்னல் கூடுவதையும் குறைவதையும் டிபி (டெசிபெல்) என்ற அலகில் அளப்பார்கள். கணக்கு எளிது. 3 டிபி கூடினால் சிக்னல் இரண்டு மடங்கு, 10 டிபி கூடினால் பத்து மடங்கு. திறந்தவெளியில் தூரம் இரட்டித்தால் 6 டிபி போய்விடும். அதாவது 6 டிபி கூடுதலாகப் பிடிக்கும் ஆன்டெனா, அதே சிக்னலை இரண்டு மடங்கு தூரத்திலிருந்து எடுத்துத் தரும். ஆன்டெனாவின் அருமை என்னவென்றால், கேட்பதற்கும் பேசுவதற்கும் ஒரே மாதிரி உதவும். பவர் கூட்டப்பட்ட கருவி பேசும்போது மட்டும் கத்தும். எதிர்த்தரப்பு முணுமுணுப்பது அதற்குக் கேட்காது. இணையத்தில் '4000 மில்லிவாட்' என்று போட்டு விற்கும் பெட்டிகளைத் தள்ளிவையுங்கள். 2.4 ஜிகாஹெர்ட்ஸில் அமெரிக்காவின் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசி அனுமதிக்கும் உச்ச அனுப்பு சக்தி 1 வாட், அதாவது 1000 மில்லிவாட்.

எல்லாத் திசையிலும் பிடிக்கும் குச்சி ஆன்டெனாவா, ஒரே திசையை நோக்கும் பலகை ஆன்டெனாவா? நான் குச்சி பக்கம். இரவு 9 மணிக்கு வந்து சேர்ந்து, தண்ணீர்க் குழாயை மாட்டி, கழிவுக் குழாயை மாட்டி, வண்டியைச் சமன்செய்து முடித்த பிறகு கம்பம் எந்தப் பக்கம் என்று டார்ச் அடித்துத் தேட எனக்குப் பொறுமை கிடையாது. மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்பவர்களுக்குப் பலகை ஆன்டெனா அருமையானது. கம்பத்தைப் பார்த்துத் திருப்பிவைத்தால் பின்னால் இருக்கும் இரைச்சலும் குறையும்.

குச்சியில் ஒரு நுணுக்கம். 8, 9 டிபிஐ (ஆன்டெனா சிக்னலை எவ்வளவு கூட்டித் தரும் என்ற அளவு) உள்ள நீளக் குச்சிகள் சிக்னலைத் தோசைபோலத் தட்டையாகப் பரப்புகின்றன. வண்டி சாய்ந்து நின்றால் தோசையும் சாய்ந்து, ஒரு பக்கம் வானத்தையும் மறுபக்கம் தரையையும் பார்க்கும். 5 டிபிஐ இந்தச் சாய்வைப் பொறுத்துக்கொள்ளும். மலைப்பாங்கான இடங்களுக்கு அதிகம் போகிறவர் என்றால் சின்னதே நல்லது.

உயரம்தான் இலவச ஆன்டெனா. கூரை மட்டத்துக்கு மேல் போனால் பக்கத்து வண்டிகளின் உலோகச் சுவர்களைத் தாண்டிவிடுகிறீர்கள். பின்பக்க ஏணியில் கவ்வியால் ஒரு கம்பத்தைக் கட்டி அதில் மாட்டுவது எளிது. கூரையில் ஓட்டையும் வேண்டாம். நிரந்தரமாகக் கூரையில் பதிப்பவர்கள் சாதாரண சிலிக்கானைப் பூசாதீர்கள். ரப்பர் கூரையில் அது சரியாகப் பிடிக்காது. ஆர்வி கூரைக்கென்றே டைக்கோர் மாதிரி சீலன்ட் விற்கிறது. வைஃபைக்காகக் கூரை ஒழுகியவர்களின் புலம்பலைக் கேம்ப்ஃபயர் ஓரத்தில் நிறையவே கேட்டிருக்கிறேன்.

படி 4: கேபிள்

ஆன்டெனா வெளியே, ரவுட்டர் உள்ளே என்றால் நடுவே ஓடும் கோஆக்ஸ் எனும் ஆன்டெனாக் கேபிள் சிக்னலைத் தின்னும். 2.4 ஜிகாஹெர்ட்ஸில் தடிமனான எல்எம்ஆர்-400 ரகம் 10 மீட்டருக்குச் சுமார் 2 டிபி தின்னும். மெல்லிய எல்எம்ஆர்-195 அதே நீளத்துக்குச் சுமார் 6 டிபி. 6 டிபி ஆன்டெனாவை வாங்கி 6 டிபி கேபிளில் தொலைத்தால் கையில் மிஞ்சுவது ரசீது. 5 ஜிகாஹெர்ட்ஸில் இழப்பு இன்னும் அதிகம். தடிமனான கேபிளோ வளைந்துகொடுக்காது. குளிர்சாதனப் பெட்டிக்காக வண்டியின் வெளிச்சுவரில் இருக்கும் சிறு கதவு வழியாக அதை நுழைப்பதற்குள் விரல் போய்விடும்.

இதைச் சுற்றிப்போக ஒரு வழி உண்டு: ரேடியோவே ஆன்டெனாவின் அடியில், வெளியே இருக்கும் கருவி. அப்போது கேபிளில் வருவது டிஜிட்டல் தரவு, அது தேய்வதில்லை. ஆல்ஃபா நிறுவனத்தின் கேம்ப் ப்ரோ 2 இந்த ரகம். வெளியே குழாய் வடிவக் கருவி, உள்ளே சின்ன ரவுட்டர், நடுவே யுஎஸ்பி. இது 2.4 ஜிகாஹெர்ட்ஸில் மட்டும் வேலை செய்யும். யுஎஸ்பி 2.0 கேபிளுக்கு 5 மீட்டர்தான் எல்லை என்பதையும் அளந்துகொள்ளுங்கள். ஈதர்நெட் வழியாக மின்சாரமும் போகும் வெளிப்புறக் கருவிகளுக்கு 100 மீட்டர் வரை கவலையில்லை.

உங்கள் வண்டிக் கூரையில் வைன்கார்ட் பெயர் போட்ட வட்டமான வெள்ளைக் கூடு ஏற்கெனவே இருக்கலாம். பல வண்டிகள் தொழிற்சாலையிலிருந்தே அதோடு வருகின்றன. ஆனால் அந்தப் பெயரில் டிவி ஆன்டெனாவும் உண்டு, வைஃபை கருவியும் உண்டு. மாடல் எண்ணைப் பார்த்துவிட்டு மற்றதை யோசியுங்கள்.

படி 5: மின்சாரம்

ஹூக்கப், அதாவது வண்டிக்குக் கரன்ட் இணைப்பு, உள்ள இடத்தில் இது பிரச்சினையே இல்லை. பேட்டரியில் நிற்கும்போதுதான் கணக்கு. 6 வாட் எடுக்கும் பயண ரவுட்டர் ஒரு நாளைக்கு 144 வாட்-மணி எடுக்கும். 12 வோல்ட் பேட்டரியில் அது 12 ஆம்பியர்-மணி. 100 ஆம்பியர்-மணி லெட்-ஆசிட் பேட்டரியில் பாதியைத்தான் தொடலாம் என்பதால், அந்த 50இல் கால்வாசி வைஃபைக்கே போகிறது. இரவில் அணைத்துவைத்தால் பாதி மிச்சம். ஆனால் இதே ரவுட்டரை 120 வோல்ட் அடாப்டரில் ஓட்ட இன்வெர்ட்டரைப் போட்டால், பெரிய இன்வெர்ட்டர் சும்மா இருக்கும்போதே 10, 20 வாட் எடுத்துக்கொள்ளும். கொசுவை அடிக்கக் கோடாலி.

யுஎஸ்பி-சி வழியாக ஓடும் ரவுட்டர்களுக்கு 12 வோல்ட் சாக்கெட்டில் செருகும் நல்ல கார் சார்ஜரே போதும். நேரடியாக 12 வோல்ட்டில் இணைக்கும் கருவி என்றால் எவ்வளவு வோல்ட் வரை தாங்கும் என்று பாருங்கள். பேட்டரி சார்ஜ் ஆகும்போது 14.4 வோல்ட் வரை ஏறும். இடையில் ஒரு ஃப்யூஸ் கட்டாயம்.

படி 6: மாட்டிய பிறகு

ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் கேம்ப்கிரவுண்ட் வைஃபையைத் தேடி இணையுங்கள். ஒரே பெயரில் பல கம்பங்கள் தெரியும். சிக்னல் எண் நல்லதாக உள்ளதையே கைப்பட தேர்ந்தெடுங்கள். பிறகு ஃபோனில் ஏதாவது ஒரு தளத்தைத் திறந்தால் லாகின் பக்கம் வர வேண்டும்.

வரவில்லையா? மூன்று இடத்தில் பாருங்கள். ஃபோனில் செல் டேட்டாவையும் விபிஎன்னையும் (இணைப்பை மறையாக்கும் சேவை) அணையுங்கள். ரவுட்டரில் டிஎன்எஸ் (தளப் பெயருக்கு முகவரி தேடித் தரும் சேவை) ரீபைண்டிங் பாதுகாப்பு இயங்கினால் தற்காலிகமாக நிறுத்துங்கள்; ரவுட்டரில் நீங்களே போட்ட தனி டிஎன்எஸ் முகவரியையும் எடுத்துவிடுங்கள். மூன்றாவது, கேம்ப்கிரவுண்டும் உங்கள் ரவுட்டரும் ஒரே முகவரி வரிசையில், உதாரணமாக இரண்டும் 192.168.1 என்று, இருக்கிறதா என்று பாருங்கள். அப்படியிருந்தால் எது உள்ளே எது வெளியே என்று ரவுட்டருக்கே தெரியாது. உங்களுடையதை 192.168.77 மாதிரி யாரும் வைக்காத எண்ணுக்கு மாற்றிவிட்டால் பிறகு எந்த ஊரிலும் மோதாது. இந்த ஒன்றுக்காக நான் ஒரு சனிக்கிழமை முழுவதையும் தொலைத்திருக்கிறேன்.

அப்படியும் மசியாத இடங்களில், முதலில் ஃபோனை நேரடியாகக் கேம்ப்கிரவுண்ட் வைஃபையில் லாகின் செய்துவிட்டு, அந்த ஃபோனின் மேக் முகவரியை (நெட்வொர்க்கில் கருவியை அடையாளம் காட்டும் எண்ணை) ரவுட்டருக்கு நகல் எடுங்கள். பயண ரவுட்டர்கள் பலவற்றில் இதற்கென்றே பொத்தான் உண்டு. நகல் எடுத்த பிறகு ஃபோனில் அந்தக் கேம்ப்கிரவுண்ட் வைஃபையை மறந்துவிடச் சொல்ல வேண்டும்.

உங்கள் வைஃபைக்குக் கேம்ப்கிரவுண்டின் பெயரையே வைக்காதீர்கள். அக்கம்பக்கத்து ஃபோன்கள் எல்லாம் உங்கள் கதவைத் தட்டும். சொந்தப் பெயர், வலுவான பாஸ்வேர்டு, உள் வைஃபையின் சக்தி குறைவாக. வங்கி வேலை பார்ப்பவர்கள் இணைந்த பிறகு ரவுட்டரிலேயே விபிஎன்னை இயக்கிக்கொள்ளலாம். சேர்ந்த அன்றே ஆபீசில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சில இடங்களில் படம் ஓட்டத் தடை உண்டு, சில இடங்களில் காசு கட்டினால் வேகமான இணைப்பு உண்டு.

சரி, எதை வாங்குவது

வாரக் கடைசியில் மட்டும் கிளம்புகிறவர்கள், வாடகை ஆர்வி எடுப்பவர்கள்: ஜிஎல்.ஐநெட்டின் ஸ்லேட் அல்லது பெரில் மாதிரி ஒரு பயண ரவுட்டர், கம்பத்தைப் பார்த்த சன்னலோரம். ஹோட்டலிலும் உதவும். இதன் ஆன்டெனாவைக் கழற்றிப் பெரியதை மாட்ட முடியாது என்பதுதான் குறை.

கோடை முழுவதும் கேம்ப்கிரவுண்டுகளில் நிற்பவர்கள்: ஏணிக் கம்பத்தில் ரேடியோவோடு சேர்ந்த வெளிப்புறக் கருவி, உள்ளே ரவுட்டர்.

வண்டியிலிருந்தே வேலை பார்ப்பவர்கள் எக்ஸ்டெண்டரை மட்டும் நம்பக் கூடாது. பெப்வேவ் மேக்ஸ் வரிசை மாதிரி வைஃபை, சிம் இரண்டையும் எடுத்து, ஒன்று செத்தால் மற்றொன்றுக்குத் தாவும் ரவுட்டர் வேண்டும். விலை பல நூறு டாலர். சிம்மும் எடுக்காத இடங்களுக்கு, 2022 மே மாதம் ஆர்விக்காரர்களுக்கென்று வந்த ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் இணையம் இருக்கிறது. வானம் மறையாமல் தெரிய வேண்டும். பைன் மரக் காட்டுக்குள் நின்றால் அதுவும் திணறும். தேசியப் பூங்காக்களுக்குள் இருக்கும் கேம்ப்கிரவுண்டுகளில் பெரும்பாலும் வைஃபையே கிடையாது, அதனால் அங்கே எக்ஸ்டெண்டருக்கு வேலையில்லை.

எங்கள் வண்டியில் இப்போது இருப்பது இரண்டாவது வகை. புறப்படும்போது சரிபார்க்கும் பட்டியலில் 'ஆன்டெனாக் கம்பத்தை இறக்கு' என்ற வரி, படிக்கட்டை மடிப்பதற்கும் மேலே, முதல் வரியாக இருக்கிறது. பல மாநிலங்களில் வண்டி உயரத்துக்கு 13 அடி 6 அங்குலம்தான் சட்ட எல்லை. கம்பத்தோடு சேர்த்து நாங்கள் ஒருமுறை அதைத் தாண்டிக் கிளம்பிவிட்டோம். பாலம் எதுவும் வருவதற்கு முன்பே, கேம்ப்கிரவுண்ட் வாசலில் இருந்த ஓக் மரக் கிளை குச்சியைப் பிடுங்கி வைத்துக்கொண்டது.